எஞ்சின் வாங்குமுன் உட்கார்ந்து எண்ணுங்கள்



கோபுரம் கட்டத் தொடங்கி, பணம் போதாமல் பாதியில் நிறுத்தி, ஊராரின் நகைப்புக்கு ஆளான மனிதனைப் பற்றி யேசு சொன்னதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கரையோரக் குடும்பங்களுக்கு அந்தக் கோபுரம் ஒரு படகாகவே அமைகிறது.

18 அடிப் பழைய பிளாஸ்ரிக் படகொன்றை வாங்கித் திருத்தி, எஞ்சின் பூட்டப் போகும் ஒரு தகப்பனை நினைத்துக்கொள்வோம். மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போய்விட்டது. “அயலவன் 25 குதிரைவலு பூட்டியிருக்கிறான், எனக்கு மட்டும் 15ஆ?” என்கிறது மனம். சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் படகைப் பாருங்கள். எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் மரம் நீர் குடித்து உக்கியிருக்கக்கூடும். புதுவர்ணம் அதை மறைத்துவிடும். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் சொன்னது படகுக்கும் பொருந்தும். உக்கிய பலகையில் வலுக்கூடிய எஞ்சினைப் பூட்டினால், நடுக்கடலில் எஞ்சினோடு ஆட்களும் போவார்கள்.

அடுத்து, பின்பலகையின் உயரத்தை அளவுங்கள். 15 அங்குலப் பலகைக்குக் கட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. தண்டு கட்டையானால் அலையில் விசிறி காற்றை அள்ளும். எஞ்சின் இரையும், படகு நகராது. அளவுக்கு மிஞ்சி நீண்டால் நீரில் இழுபடும்.

வலுவைத் தேர்வது எப்படி? சோளகத்தை எதிர்த்துப் பாரத்தோடு கரைசேர வலு வேண்டும். ஆகவே மிகச் சிறியது ஆபத்து. ஆனால் தேவைக்கு மிஞ்சியது பின்புறத்தைத் தாழ்த்தும், எண்ணெயையும் குடிக்கும். பாரமேற்றிய படகை முழு விசையில் விரட்டினால் வேகம் சிறிதே கூடும், செலவோ பலமடங்கு கூடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று அயலவனின் பெருமை எவருடைய தாங்கியையும் நிரப்பவில்லை.

உதிரிப்பாகம் கிடைக்குமா, பழுதானால் திருத்த நம் கரையில் ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். உயிர்காப்பு அங்கிக்கும் ஒரு சோடித் துடுப்புக்கும் காசை ஒதுக்கிய பிறகே எஞ்சினுக்கு விலை பேசுங்கள். உங்களோடு கடலுக்கு வருபவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆண்டவர் அமர்ந்து போதித்தது இராயப்பரின் சாதாரண மீன்பிடிப் படகில். மீன் மிகுந்து வலை கிழியத் தொடங்கியபோது, இராயப்பர் பெருமை பாராட்டாமல் கூட்டாளிகளைக் கைகாட்டி அழைத்தார். அந்தத் தாழ்ச்சியும் கடலில் உயிர் காக்கும்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், தகப்பனும் தாயும் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சேர்ந்து உட்காருங்கள். தாலிக்கொடியை அடகிலிருந்து மீட்கும் நாளையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். எண்ணிச் செய்வது விசுவாசக் குறைவல்ல. ஆண்டவர் கற்பித்த விவேகம் அதுவே.