முதலில் யாருக்கு? பிரிட்டனின் மருத்துவமனைத் திட்டங்களும் நீதி பற்றிய ஒரு கேள்வியும்

1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் ஒரே நாளில் அரசின் கைக்கு மாறின. வைத்தியம் தேவைப்படுபவரிடம் காசு கேட்கக் கூடாது, அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை அவருடைய நோயே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. காசில்லாதவருக்கு வைத்தியம் உண்டா என்ற கேள்விக்கு இந்தக் கொள்கை தயக்கமில்லாமல் பதில் சொன்னது. நோயாளிகள் பலராகவும் படுக்கைகள் சிலவாகவும் இருந்தால் முதலில் யாருக்கு என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டது. பிற்பாடு வந்த மருத்துவமனைத் திட்டங்களும் நிதிச் சூத்திரங்களும் சீர்திருத்தச் சட்டங்களும் இந்த இரண்டாம் கேள்விக்கு அரசு மாற்றி மாற்றிச் சொன்ன பதில்களே.

1948க்கு முந்தைய பதில் சமயத்திலிருந்து வந்தது. லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனை 1123இல் ஒரு துறவு மடத்தோடு சேர்ந்தே தொடங்கியது. நோயாளியைப் பேணுவது கிறிஸ்துவுக்குச் செய்யும் தொண்டு என்ற நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது. 18ஆம் நூற்றாண்டில் பெருகிய தர்ம ஆஸ்பத்திரிகளில் இந்த நம்பிக்கையோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. சந்தா கட்டிய கனவான்கள், இன்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் கொடுக்கலாம். காய்ச்சலோடு வந்த கூலிக்காரர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இப்படிக் கடிதம் தரக்கூடிய ஒரு பெரிய மனிதரைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கொடுமையைக் கண்டு மனம் பொறுக்காத வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர், கடிதம் கேட்காத ஓர் ஆஸ்பத்திரியை 1828இல் தொடங்கினார். பிற்காலத்தில் ராயல் ஃப்ரீ என்று பெயர் பெற்றது அதுதான். அதே ராயல் ஃப்ரீதான் 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்பவரை வேலைக்கு வைத்து, வெளிநோயாளிகளை உட்காரவைத்து வரவு செலவு விசாரிக்கச் சொன்னது. இலவசத்துக்கு உண்மையிலேயே உரியவர் யார், கொஞ்சமாவது கட்டக்கூடியவர் யார் என்று பிரித்தெடுப்பது அவர் வேலை. விரைவிலேயே இது மற்ற மருத்துவமனைகளிலும் ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. தர்மத்தின் உள்ளேயே இருக்கும் சிக்கல் இது. கொடுப்பவரின் மனம்தான் அங்கே அளவுகோல் என்பதால், வாங்குபவர் தன் தகுதியை ஒவ்வொரு தடவையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் இதை உடைக்க நினைத்தார். அவர் பிறந்த ட்ரெடிகரில் சுரங்கத் தொழிலாளர்கள் வாரக் கூலியிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் அவர் கண்முன் இருந்த உதாரணம். மருத்துவமனைகளை உள்ளாட்சிகளிடமே விட்டுவிடலாம் என்று அமைச்சரவையில் ஹெர்பர்ட் மாரிசன் வாதிட்டார். உள்ளூர் வரியை நம்பினால் பணக்கார ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரியும் ஏழை ஊருக்கு மோசமான ஆஸ்பத்திரியும்தான் மிஞ்சும் என்பது பெவனின் பதில். பெவன் வென்றார். ஆனால் எல்லாருக்கும் உரிமை என்று சொன்ன கையோடு அந்த உரிமைக்கு எவ்வளவு பணம் என்ற கேள்வியும் எழுந்தது. சேவைக்கு வித்திட்ட 1942ஆம் ஆண்டு பெவரிட்ஜ் அறிக்கை, சுகாதாரச் செலவு 1945இல் ஆண்டுக்கு 17 கோடி பவுண்ட் என்றும் 1965இலும் அதே 17 கோடிதான் என்றும் போட்டிருந்தது. வைத்தியம் பரவினால் நோய் குறையும், நோய் குறைந்தால் சேவை பெருகினாலும் செலவு ஏறாது என்ற எண்ணம். நல்ல மனிதர்கள் நம்பிய பொய்க்கணக்கு என்று இதைச் சொல்லலாம். பிழைத்தவர்கள் முதுமை அடைந்தார்கள். முதுமைக்கு வேறு வைத்தியம் வேண்டியிருந்தது. பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவெடுத்ததும் 1951 ஏப்ரலில் பெவன் பதவி விலகினார்.

1962ஆம் ஆண்டு இந்தக் கதையில் முக்கியமானது. அப்போதைய சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் அந்த ஆண்டு நாட்டுக்கான மருத்துவமனைத் திட்டத்தை வெளியிட்டார். 90 புதிய மருத்துவமனைகள், 134 மருத்துவமனைகளில் பெரும் புதுப்பிப்பு, பத்தாண்டில் 50 கோடி பவுண்ட். ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு 600 முதல் 800 படுக்கைகள் கொண்ட ஒரு மாவட்டப் பொது மருத்துவமனை என்பது அதன் அச்சு. அதே ஆண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி சமத்துவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியம் கொடுப்பதற்கான முறையான காரணம் நோய்தான் என்பது அவர் வாதம். நோய் ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு வைத்தியம் கிடைத்து இன்னொருவருக்குப் பணமில்லாததால் கிடைக்காமல் போனால், காரணத்துக்கும் காரியத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு நிலை உருவாகிவிடுகிறது. அநியாயம் என்பதற்கு முன்பே அது அறிவுக்குப் பொருந்தாதது என்றார் அவர்.

இந்த வாதத்தின் மீது வந்த கூர்மையான அடி, அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் அடித்தது. வைத்தியத்தின் நோக்கம் நோய் தீர்ப்பது, ஆகவே நோயைப் பார்த்தே அதைப் பங்கிட வேண்டும் என்றால், முடி வெட்டும் தொழிலின் நோக்கம் முடி வெட்டுவது, ஆகவே நாவிதரும் யாருக்கு முடி வெட்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டுமா? மருத்துவர் தன் உழைப்பை ஏன் தான் விரும்பியபடி விற்கக் கூடாது? வில்லியம்ஸின் பக்கம் நிற்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் பலம் இருக்கிறது. முடி வெட்டாவிட்டால் ஒருவர் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடியாமல் போவதில்லை. நோயில் கிடந்தால் போகிறது. மற்றெல்லா வாய்ப்புகளுக்கும் வாசலாக இருப்பது ஆரோக்கியம் என்று நார்மன் டேனியல்ஸ் 1985இல் இதை விரித்தார். ஆனால் இவர்கள் எல்லாரும் வாதிட்டது யாருக்கு உரிமை என்பதைப் பற்றி. உரிமையுள்ள இருவர் ஒரே படுக்கைக்குக் காத்திருந்தால் என்ன செய்வது என்பதற்குப் பவலின் அதிகாரிகளிடம் ஒரு பதில் இருந்தது. அது தத்துவமாக இல்லாமல் 3.3 என்ற எண்ணாக இருந்தது.

குறுகிய காலச் சிகிச்சைக்கு ஆயிரம் பேருக்கு 3.3 படுக்கைகள் போதும் என்று திட்டம் கணக்கிட்டது. இந்த எண் மக்கள் எவ்வளவு நோயாக இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்து வந்ததல்ல. அப்போது படுக்கைகள் எப்படிப் பயன்பட்டன, இனி எப்படிப் பயன்படும் என்ற மதிப்பீட்டிலிருந்து வந்தது. இருக்கும் வழங்கலை வைத்தே தேவையை அளக்கும் சுழல் இது. ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ரோமர், காப்பீடு உள்ள சமூகத்தில் எத்தனை படுக்கை போட்டாலும் அத்தனையும் நிரம்பிவிடும் என்று காட்டியிருந்தார். பவலுக்கும் இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. பதவியிலிருந்து விலகிய பின் 1966இல் எழுதிய நூலில், இலவச வைத்தியத்துக்கான கோரிக்கைக்கு எல்லையே கிடையாது, ஆகவே பங்கீடு தவிர்க்க முடியாதது, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, காத்திருப்போர் பட்டியல்தான் அந்தப் பங்கீட்டை மறைவாகச் செய்கிறது என்று எழுதினார். சந்தைமீது அபார நம்பிக்கை வைத்த ஒருவர் நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைத் திட்டத்தைத் தீட்டியதும், பின்பு அதன் அடித்தளத்தையே கேள்வி கேட்டதும் விசித்திரம்தான். அந்தக் காலத்தில் இந்த மருத்துவமனைகளின் இளநிலை மருத்துவர் பணியிடங்களை நிரப்பியவர்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து சென்றவர்கள் ஏராளம். சென்னையிலும் கொழும்பிலும் படித்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரு நாட்டுக்குள் தேவைக்கேற்பப் பங்கிடும் ஏற்பாடு, அதைவிடத் தேவை மிகுந்த நாடுகளின் மருத்துவர்களை வைத்து நடந்தது என்பதை வில்லியம்ஸின் கட்டுரையோ பவலின் திட்டமோ கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பவலின் இன்னொரு முடிவு மனநோய் மருத்துவமனைகளைப் பற்றியது. ஊருக்கு வெளியே உயர்ந்த நீர்த்தொட்டியும் சுற்றுமதிலுமாக நின்ற விக்டோரியா காலத்துக் காப்பகங்களில் பாதிப் படுக்கைகளைப் பதினைந்து ஆண்டுகளில் குறைக்க வேண்டும் என்று அவர் 1961இல் அறிவித்தார். அடைத்து வைப்பது வைத்தியமாகாது என்ற நியாயம் இதில் இருந்தது. வெளியே வந்தவர்களைத் தாங்க வேண்டிய சமூகச் சேவைகள் உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருந்தன. காப்பகத்தை மூடியதால் மிச்சமான பணம் தானாக அங்கே போய்ச் சேரவில்லை.

தேவை எங்கே இருக்கிறது என்பதை மிக எளிமையாகச் சொன்னவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸின் க்ளின்காரக் என்ற சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் வேண்டுமோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தை நுழைய நுழைய இது மோசமாகிறது என்று 1971இல் லான்செட் இதழில் எழுதினார். இது தலைகீழ் கவனிப்பு விதி என்று இன்றும் பேசப்படுகிறது. 1948க்குப் பிறகும் அரசு பணத்தைப் படுக்கை இருந்த இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. படுக்கைகள் பழைய தர்ம ஆஸ்பத்திரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் நிறைந்த லண்டனில் குவிந்திருந்தன. இதை மாற்ற 1976இல் ஒரு பணிக்குழு புதிய சூத்திரம் தந்தது. ஒவ்வொரு வட்டாரத்தின் மக்கள்தொகை, வயது, பாலினம் ஆகியவற்றோடு அங்கே ஏற்படும் இறப்பு விகிதத்தையும் சேர்த்துப் பங்கு பிரிப்பது. லண்டனைச் சுற்றிய நான்கு தேம்ஸ் வட்டாரங்களின் நிதி வளர்ச்சி ஒடுங்கியது, வடக்குக்குக் கூடியது. மனசாட்சியை எண்கணிதமாக்கிய நேர்மையான முயற்சி. ஆனாலும் இறப்பைத் தேவையின் அளவாக வைத்ததில் ஒரு குறை உண்டு. மூட்டுவாதம் கொல்வதில்லை, மனச்சோர்வு பெரும்பாலும் கொல்வதில்லை. சாகாமல் துன்பப்படுகிறவரின் தேவை இறப்பு விகிதத்தில் நேரடியாகத் தெரியாது.

துன்பத்தையும் கணக்கில் எடுக்க வந்ததே, வாழும் ஆண்டுகளை அவற்றின் தரத்தோடு பெருக்கும் முறை. முழு ஆரோக்கியத்தோடு ஓராண்டு என்றால் ஒன்று, வலியோடு முடங்கிய ஓராண்டு என்றால் அதைவிடக் குறைவு. 1999இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு, ஒரு மருந்து இத்தகைய ஓராண்டைத் தர எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தது. நீண்ட காலம் 20,000 முதல் 30,000 பவுண்ட் வரை என்பது அதன் வரம்பாக இருந்தது. தத்துவவாதி ஜான் ஹாரிஸ் இந்த முறையைக் கடுமையாகத் தாக்கினார். ஏற்கெனவே ஊனத்தோடு வாழும் ஒருவரைக் காப்பாற்றினால் கிடைக்கும் 'தரம்' குறைவு என்று கணக்கு சொல்லும். ஆக விதி ஒரு முறை அடித்தவரை அரசு இரண்டாம் முறை அடிக்கிறது என்றார். யார்க் பல்கலைக்கழகத்தின் ஆலன் வில்லியம்ஸ் மறுபக்கம் நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர் வாழ்க்கையில் தன் நியாயமான ஆட்டத்தை ஆடிவிட்டார், இளையவருக்கு முன்னுரிமை கொடுப்பதில் தவறில்லை என்பது அவர் நிலை. அப்படி எழுதியபோது அவருக்கே எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

கணக்குக்கு மசியாத ஓர் உணர்வும் உண்டு. கண்முன்னே சாகக் கிடப்பவரை எந்தச் செலவானாலும் காப்பாற்ற வேண்டும் என்ற உந்துதலை, மீட்பின் விதி என்று ஆல்பர்ட் ஜான்சன் 1986இல் அழைத்தார். 2009இல் நைஸ், ஆயுள் முடியும் தறுவாயில் இருப்போருக்கான மருந்துகளுக்குத் தன் வரம்பைத் தளர்த்தியதும், 2010இல் வந்த அரசு புற்றுநோய் மருந்துகளுக்குத் தனி நிதி ஒதுக்கியதும் இந்த உணர்வுக்குப் பணிந்ததால்தான். அதனால் நஷ்டப்பட்டவர்களும் மனிதர்களே. ஆனால் அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த இழுபறியில் டேனியல்ஸும் ஜேம்ஸ் சேபினும் வேறு வழி காட்டினார்கள்: சரியான பங்கீடு எது என்பதில் நியாயமான மனிதர்களும் உடன்பட மாட்டார்கள், ஆகவே முடிவும் காரணமும் வெளிப்படையாக இருக்கட்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்கட்டும். பவல் குறிப்பிட்ட மறைவான பங்கீட்டுக்கு இதுவரை கிடைத்த நல்ல மாற்று இதுதான். 1990ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த உள்சந்தையும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும் மாற்றியமைப்பும், யார் வாங்குவது, யார் விற்பது என்பதை மாற்றினவே தவிர முதலில் யாருக்கு என்பதில் புதிதாக எதையும் சொல்லவில்லை.

கட்டடங்களில் இந்தக் கேள்வி இன்று அப்பட்டமாகத் தெரிகிறது. 2030க்குள் 40 புதிய மருத்துவமனைகள் என்று அரசு 2020இல் வாக்களித்தது. இதற்கிடையே, எடை குறைந்த, காற்றுக் குமிழ்கள் நிறைந்த ஒரு வகைக் கான்கிரீட்டால் கட்டப்பட்ட பழைய மருத்துவமனைகளில் கூரை எப்போது இறங்கும் என்ற பயம் வந்தது. 1980இல் திறந்த கிங்ஸ் லின் நகரத்து மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான முட்டுக்கால்கள் கூரையைத் தாங்கி நிற்க, அவற்றின் ஊடே நோயாளிகளைத் தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஏழு மருத்துவமனைகளை 2023இல் வரிசையின் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மீட்பின் விதி சுவருக்கும் பொருந்தியது. 2025 ஜனவரியில் வந்த திருத்திய அட்டவணைப்படி சில மருத்துவமனைகளின் கட்டுமானம் 2035க்கும் 2039க்கும் இடையில்தான் தொடங்கும். அந்த ஊர்களில் இருப்பவர்களின் தேவையும் தேவைதான். அது இன்னும் இடிந்து விழவில்லை, அவ்வளவே.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நகர்கிறது 2025 ஜூலையில் வந்த பத்தாண்டுத் திட்டம். மருத்துவமனையிலிருந்து அக்கம்பக்கத்துக்கும், நோய்க்கு வைத்தியம் பார்ப்பதிலிருந்து நோய் வராமல் தடுப்பதற்கும் மாறுவது அதன் இலக்குகளில் இரண்டு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த, அறுவை மருத்துவர் ஆரா டார்சியின் அறிக்கை, சேவையின் பணத்தில் மருத்துவமனைகளுக்குப் போகும் பங்கு 2006இல் 47 சதவீதமாக இருந்து 2021இல் 58 சதவீதமாகிவிட்டது என்று காட்டியிருந்தது. பல அரசுகள் இதே இலக்கைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் பங்கு ஏறியது. தடுப்பு காப்பாற்றும் மனிதருக்கு முகம் இல்லை. எந்த மாரடைப்பு வராமல் போனது என்று யாராலும் சுட்ட முடியாது. படுக்கையில் கிடப்பவருக்கு முகம், பெயர், வெளியே காத்திருக்கும் குடும்பம், தொகுதி எம்.பி. எல்லாம் உண்டு. மருத்துவமனையின் பங்கைக் குறைக்க வேண்டுமானால், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களில் சிலரை இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்லித்தான் அந்தப் பணத்தை நகர்த்த முடியும். 2023இல் 77 லட்சத்தைத் தொட்ட பட்டியல் அது.