ஆராய்ச்சி மணியை யார் இழுக்கலாம்?

இருட்டிய பிறகு பாம்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பூச்சி என்பார்கள். உடையார்பாளையத்தைச் சுற்றி முந்திரிக் காடும் புஞ்சையுமாகக் கிடக்கிற ஊர்களில் ‘பூச்சி கடிச்சிருச்சு’ என்ற சொல் காதில் விழுந்ததும் அடுத்த பேச்சு வண்டியைப் பற்றியதுதான். யார் வீட்டில் பைக் இருக்கிறது, 108 வர எவ்வளவு நேரமாகும், ஜெயங்கொண்டமா அரியலூரா. அரசு மருத்துவமனையில் கடிபட்டவரின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு குழாயை மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் கட்டியாக நின்றால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் குழாயில் இரத்தம் உறைந்தாலும் உடனே அனுப்பிவிடமாட்டார்கள். ஒரு நாளாவது படுக்க வைத்துக் கவனிப்பார்கள். மறுநாள் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கடித்தது சாரையாக இருந்திருக்கும். விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். வெறும் முள்ளாகக்கூட இருந்திருக்கும். அப்படியானால் அந்த ஆள் வந்தது தேவையில்லாத வருகையா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவையில்லாமல் வருகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. அந்தக் குறையில் உண்மையும் இருக்கிறது. சளிக்கும் உடம்பு வலிக்கும் வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், மாரடைப்போடு வருகிறவருக்கு நேரம் போய்விடும். இது வெறும் நிர்வாகக் கணக்காகத் தெரிந்தாலும் இதற்கடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது: அவசரம் இல்லாமல் அவசர வாசலுக்கு வருகிறவர் பிறருக்குத் தீங்கு செய்கிறாரா? இல்லை என்பதே என் வாதம். ஒரு செயல் குற்றமாக வேண்டுமானால், செய்யும்போதே செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ‘தேவையில்லை’ என்பதோ மருத்துவர் பார்த்து முடித்த பிறகுதான் தெரியவருகிறது. பின்னால் பிறக்கிற அறிவை வைத்து முன்னால் நடந்த செயலுக்குப் பழி போடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது எழுதப்பட்ட நோயின் பெயரை வைத்துப் பார்த்தால், 6.3 சதவீத வருகைகள் சாதாரண மருத்துவரிடமே முடிந்திருக்கக்கூடியவை. ஆனால் அந்த நோயாளிகள் உள்ளே வரும்போது என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று பார்த்தபோது கதை மாறியது. அதே வயிற்றுவலி, அதே நெஞ்சுவலி, அதே காய்ச்சல் என்று சொல்லி வந்தவர்கள் மொத்த வருகையில் 88.7 சதவீதம். அந்தக் கூட்டத்தில் எட்டில் ஒருவரை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. வாசலில் எல்லோரும் ஒரே முறையீட்டோடுதான் நிற்கிறார்கள். பிரிவது உள்ளே போன பிறகுதான். நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது, கடுப்பும் இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கும். ‘ராத்திரி சாப்பிட்டது சேரல’ என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்த வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது மருத்துவமனைக்கு வெளியே. வாய்வா மாரடைப்பா என்பதும் இதே கதைதான். இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் நெஞ்சைத் தடவிக்கொண்டே தீர்மானிக்க யாராலும் முடியாது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் தேர்ச்சக்கரத்தில் மகனைக் கிடத்திய கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். திருவாரூரில் கல்தேராக நிற்பதும் அந்தக் காட்சிதான். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது தண்டனையைக் காட்டிலும் அந்த மணி. அரண்மனை வாசலில் தொங்கிய அதை யார் வேண்டுமானாலும் அசைக்கலாம். அசைத்தது கன்றை இழந்த ஒரு பசு. அதற்குப் பேச வராது, தன் முறையீடு நியாயமானது என்று நிரூபிக்கத் தெரியாது. மணி ஒலித்த பிறகு காரணத்தைக் கண்டுபிடிப்பது அரசனின் வேலையாயிற்று. ‘தகுந்த காரணம் உள்ளவர்கள் மட்டும் மணியை அசைக்கவும்’ என்று பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தால் அந்தப் பசு வாசலுக்கே வந்திருக்காது. கன்றை இழந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலும் இப்படிப்பட்ட மணிதான். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாதவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. உடம்பின் விஷயத்தில் மருத்துவர் நீங்கலாக நாம் எல்லோருமே அந்தப் பசுதான்.

இங்கே ஒருவர் வள்ளுவரைக் கொண்டுவந்து மறிக்கலாம். மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளில் பாதிக்குமேல் உணவைப் பற்றியது: முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, அளவறிந்து உண்கிறவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற போக்கில் போகிறது. ஆக உடம்பைக் காப்பது அவரவர் பொறுப்பு என்றுதானே குறளும் சொல்கிறது? சொல்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு எதுவரை என்பதையும் கவனிக்க வேண்டும். நோய் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் உண்பவனைப் பார்த்துப் பேசுகிறார். நோய் வந்த பிறகு இது இன்ன நோய், இதன் காரணம் இது என்று ஆராயும் கடமையைப் பேசும்போது அவருடைய முகம் மருத்துவன் பக்கம் திரும்பிவிடுகிறது. கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியை அதில் ஒரு கூறாக மட்டும் வைக்கிறார். மற்ற மூன்றும் மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவன். மூன்று கூறுகளில் எங்கே ஓட்டை என்று கேட்காமல் நான்காவதின் மேல் மட்டும் விரல் நீட்டுகிறோம் நாம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும் என்று சொல்வது எளிது; டூட்டி டாக்டர் ஒருவர்தானே? வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் உனக்கு நிஜமாகவே பசிக்கிறதா என்று கேட்பதில்லை. கூட்டம் கூடினால் இன்னும் ஓர் உலை ஏற்றலாம். மருத்துவரின் நேரத்தை அப்படி உலையேற்ற முடியாது. ஒருவருக்குக் கொடுக்கும் பத்து நிமிடம் இன்னொருவரிடமிருந்து எடுத்ததே. இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. ஆனால் இது கேட்பது வாசலை அடைப்பதை அல்ல, உள்ளே ஒழுங்கை. பந்தியில் முந்தி வந்தவருக்கு முந்தி இலை. அவசரப் பிரிவில் அது அநீதி. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முதலில் யாரைத் தொடுவது என்று வகுத்தார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிற முறை அதன் வழிவந்ததுதான். பச்சை என்று குறிக்கப்பட்டவர் குற்றவாளி இல்லை. அவருக்கு ஒரே ஒரு கடமைதான் வருகிறது: காத்திருப்பது. உண்மையில் நம் ஊர்களில் வாசலை அடைப்பது நோயாளியும் அல்ல. கூட வந்த பத்துப் பேர், அவர்களில் ஒருவர் காதில் வைத்திருக்கும் கைபேசி, அதில் பேசுகிற ஏதோ ஒரு கட்சிப் பிரமுகர். பச்சைக்காரரைச் சிவப்புக்காரருக்கு முன்னால் தள்ளுகிற அந்தச் சிபாரிசுதான் பாவம். அதைப் பற்றி யாரும் அறிவிப்புப் பலகை வைப்பதில்லை.

கட்டணம் வைத்தால் கூட்டம் தானாகக் குறையும் என்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் நிறுவனம் பல ஆயிரம் பேரை வைத்து இதைச் சோதித்தது. சிலருக்கு மருத்துவம் முழுக்க இலவசம், சிலருக்குச் செலவில் ஒரு பங்கு. பங்கு கட்ட வேண்டியவர்கள் குறைவாகத்தான் போனார்கள். அவசரப் பிரிவை மட்டும் எடுத்தால் சில்லறை வருகைகள் கூடுதலாகக் குறைந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மொத்த மருத்துவத்தையும் பார்த்தபோது வேண்டாத சிகிச்சையும் வேண்டிய சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தன. இரத்தக் கொதிப்புள்ள ஏழைகளின் கொதிப்பு இலவசப் பிரிவில்தான் நன்றாகக் கட்டுப்பட்டது. இங்கே இலவசம்தானே என்று கேட்கலாம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் உடையார்பாளையத்து நெசவாளிக்கு ஒரு முற்பகல் எழுந்து போனால் அன்றைக்கு நெய்திருக்கக்கூடிய பட்டு போயிற்று. அந்தக் கட்டணத்தை அவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டணத்தைவிட மலிவானது வெட்கம். ‘இதுக்கெல்லாமா வருவாங்க’ என்று ஒரு தடவை கேட்டால் போதும். ஆனால் அந்தச் சொல் யாரைத் தடுக்கிறது? சத்தம் போடத் தெரிந்தவரைத் தடுக்காது. அவர் நாளைக்கும் வருவார். ‘எனக்கு ஒண்ணுமில்ல, விடிஞ்சதும் பாத்துக்கலாம்’ என்று இரவெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிடக்கிற கிழவியைத்தான் அது திண்ணையிலேயே உட்கார வைக்கும். கூச்ச சுபாவமுள்ளவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தண்டிக்கிற விதியை அறம் என்று எப்படிச் சொல்வது?

தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். விளையாட்டுக்காக 108-ஐக் கூப்பிடுகிறவர் சொல்வது பொய். அவருக்குச் சட்டம் போதும், தத்துவம் வேண்டாம். உடம்பு அசதிக்கு ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று வருகிறவர் வேறு. ஊசி போட்டால்தான் வைத்தியம், பாட்டில் ஏற்றினால்தான் தெம்பு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது காசு வாங்கிக்கொண்டு அதையே செய்த மருத்துவர்கள். மாணவனை அடிப்பதற்குமுன் வாத்தியாரைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குறைக்கவே வேண்டாமா? வேண்டும், மணியில் பூட்டுப் போட்டுக் குறைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. பெரும்பாலும் காலையில் தொடங்கி மதியத்தோடு முடிகிறது. கூலிக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவது அதன்பிறகு. குழந்தையின் காய்ச்சல் விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறுகிறது. அப்போது திறந்திருக்கும் ஒரே வாசல் அவசரப் பிரிவுதான். மூடிய கதவுகளையெல்லாம் விட்டுவிட்டுத் திறந்த கதவுக்கு வந்தவரிடம் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பது என்ன கேள்வி? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த மாத்திரை விடாமல் கிடைத்தால், பக்கவாதத்தோடு நள்ளிரவில் ஜெயங்கொண்டத்துக்கு ஓடுகிற ஒரு வண்டி குறையும். 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்பது தெரிந்தால் இன்னொன்று குறையும். மாலையிலும் ஓ.பி. நடந்தால் மூன்றாவது. செலவாகும்தான். இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டுகிறவர் வேறு ஆள், அவ்வளவே.

யாருக்கு வாசல் திறக்கும் என்ற கேள்வி உடையார்பாளையத்துக்குப் பழையது. இதே வட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் ஓர் ஆதுலர் சாலை நடந்தது. கல்வெட்டு கணக்கை ஒழுங்காகச் சொல்கிறது: 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிற அந்தச் சாலை, கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலையின் மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்குமானது. தேவையானவர் யார் என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகியிருந்தது. நோயைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து. நம் காலத்திலும் வாசல் மூடியதுண்டு: 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உயிர்வாழும் உரிமையின் மீறல் என்று தீர்ப்பளித்து, மாநில அரசை 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு 26 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று இரவு முந்திரிக் காட்டிலிருந்து யாரையாவது பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தால், ஜாதியும் வேலையும் கேட்காமல் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். கடித்தது சாரையா விரியனா என்பது அந்தக் குழாய்க்கும் தெரியாது, கொண்டுவந்தவருக்கும் தெரியாது, இன்னும் 20 நிமிடத்துக்கு.