தடுத்தவனுக்கு என்ன பரிசு?

ஸ்ரீவைகுண்டத்தில் இளைஞர்களுக்காக நாம் நடத்திய ஹாக்கிப் போட்டியின் நிறைவில், மிகுதியான கோல்களை அடித்தவனுக்குப் பரிசு வழங்கினோம். இறுதியாட்டத்தில் ஒரு கோலையும் உள்ளே விடாத கோல் காப்பாளனுக்கோ கைதட்டலோடு நிறுத்திக்கொண்டோம். "சாமி, தடுத்தவனுக்கு என்ன பரிசு?" என்று அவன் தந்தை சிரித்தபடியே கேட்டார். நாமும் சிரித்து மழுப்பினோம். வினா மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

ரங்கநாதன் பிரான்சிஸ் என்னும் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? சென்னை மாநிலத்தின் சார்பில் ஆடிய கோல் காப்பாளர் அவர். 1948-இல் லண்டனிலும், 1952-இல் ஹெல்சிங்கியிலும், 1956-இல் மெல்பர்னிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் இந்தியா நெதர்லாந்தை 6-1 என வென்றது. அவற்றுள் ஐந்து கோல்கள் பல்பீர் சிங் அடித்தவை. அவை இன்றும் பேசப்படுவது நியாயமே. ஆனால் அன்று கோலைக் காத்து நின்ற பிரான்சிஸ் 1975-இல் மறைந்தபின், அவர் பிறரை மகிழ்வித்த அளவுக்கு நினைக்கப்படவில்லை.

புகழ் இல்லாவிடினும் அறம் அறமே அன்றோ என்று சிலர் வினவலாம். மெய்தான். மதிப்பு என்பது மதிக்கப்படுபவரிடம் அன்று, மதிப்பவரிடமே உள்ளது எனப் புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிக் கற்பித்தார். அப்படியாயின் நம் மறதியால் பிரான்சிஸின் திறமை குறைந்துவிடாது. குறைவு நம்முடையது. மதிப்பு நாம் மனமுவந்து இடும் பிச்சையன்று. தகுதியுடையோர்க்கு நாம் பட்ட கடன். கடனைத் திருப்பாதவன், கொடுத்தவனின் பொறுமையைக் காட்டித் தப்ப இயலாது.

2023 டிசம்பர் 17-ஆம் நாள் பெருவெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி, ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு நம் ஊர் நிலையத்தில் நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. வண்டி மேலும் சென்றிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதை எவரும் கண்ணால் காணவில்லை. அதுவே நிறுத்தியவர்களின் வெற்றி. தடுக்கப்பட்ட தீமை தடயம் விடுவதில்லை; ஆதலால் தடுத்தவரை நினைவுகூர நாம் முயன்றாக வேண்டும்.

நம் மாவட்டத்துக் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அவரைப்போல் ஆக விரும்பும் சிறுவர் பலர் உளர். அவர்கள் எல்லாரும் கோல் அடிப்பவர்களாகவே இருக்க இயலாது.

சில நாள் கழித்து அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றோம். நம் தவற்றை ஒப்புக்கொண்டு, "கோப்பை ஒன்று வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டோம். அவன் தயங்கி, "கோப்பை வேண்டாம், சாமி. கால் கவசம் கிழிந்துவிட்டது" என்றான். நாம் பட்ட கடன் எத்தகையது என்பது அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.