வழிகாட்டல் அருளா, கடனா?

பெண்ணொருத்தி விஞ்ஞானத்திலோ இயந்திரத் தொழிலிலோ உயர்ந்த நிலையை எய்தினாள் என்ற செய்தி வந்ததும், நாம் அவளுடைய அறிவைப் புகழுகிறோம், விடாமுயற்சியைப் புகழுகிறோம், பெற்றோரைப் பாராட்டுகிறோம், சங்கங்களில் பொன்னாடை போர்த்துகிறோம். ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. அவள் உள்ளே சென்றபோது கதவைத் திறந்துவிட்டவர் யார்? அவளைப் போன்ற அறிவுடைய பெண்கள் எத்தனை பேர், அக்கதவு எந்தத் தெருவில் இருக்கிறதென்பதையும் அறியாமல் நின்றுவிட்டனர்?

இக்கேள்வியிலிருந்தே இன்று நாம் ஆராயப் புகும் பொருள் பிறக்கிறது. வழி அறிந்தவர் வழி அறியாதவருக்குக் கைகொடுப்பது அவருடைய பெருந்தன்மையா, அல்லது அவர் தீர்க்க வேண்டிய கடனா? அருளென்றால், கொடுத்தாலும் கொடாவிட்டாலும் அவரை யாரும் குறை கூறுவதற்கில்லை. கடனென்றால், கொடாதவர் குற்றவாளியாகிறார். இவ்விரண்டில் எது உண்மை என்பதை வெறும் வாதத்தால் முடிவு செய்யாமல், நடந்த வரலாறுகளை முன்வைத்துப் பார்ப்போம்.

சென்னை கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் 1943-ஆம் ஆண்டு மின்சார இஞ்சினீயராகத் தேறியவர் லலிதா அம்மையார். 1919-இல் பிறந்த அவருக்குப் பதினைந்தாம் வயதில் மணம் நடந்தது. பதினெட்டாம் வயதில் கைம்மை வந்தது. அப்பொழுது அவர் மடியில் நான்கு மாதப் பெண்குழந்தை. அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு நமது சமூகம் ஒதுக்கி வைத்திருந்த இடம் யாதென்பதை வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். கல்லூரித் தலைவரிடமும் கல்வி இலாகா அதிகாரியிடமும் பேசி, மகளுக்கு அனுமதி வாங்கினார். பின்னர் லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்னும் வேறு இரு பெண்களும் அக்கல்லூரியில் சேர்ந்தனர். பட்டப் பத்திரத்தில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தமையால், அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! லலிதா அம்மையார் பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைக்குரிய மின்சார வேலைகளில் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது உலகப் பெண் இஞ்சினீயர், விஞ்ஞானிகள் மகாநாட்டுக்கும் சென்று வந்தார். திரேசியா அம்மையார் 1971-இல் கேரளப் பொதுப்பணி இலாகாவின் தலைமை இஞ்சினீயரானார்.

இனி மற்றொரு வரலாறு. 1933-ஆம் ஆண்டில் கமலா பாகவத் என்னும் பெண், பம்பாய்ச் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி. பரீட்சையில் முதன்மையாகத் தேறி, பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். அதன் தலைவராக இருந்தவர், திருச்சியில் பிறந்து நோபெல் பரிசு பெற்ற சர். சி. வி. இராமன். பெண் என்ற ஒரே காரணத்தால் அவர் மறுத்துவிட்டார். கமலா அவர் வாயிலிலேயே சத்தியாக்கிரகம் செய்தார். முடிவில் இராமன் இணங்கினார். ஆயினும் ஓராண்டுக் காலம் சோதனையாகவே வைத்துப் பார்ப்பதென்றும், அவர் இருப்பது ஆண் ஆராய்ச்சியாளரின் கவனத்தைக் கலைக்கலாகாதென்றும் நிபந்தனை விதித்தார். ஓராண்டில் கமலா தம் தகுதியை நிலைநாட்டினார். அதன் பிறகே அங்குப் பெண்களுக்கு வழி பிறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். மணமானபின் கமலா சோஹோனி என்று அறியப்பட்டு, ஏழை மக்களின் உணவைப் பற்றியும், பதநீரின் சத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். கள்ளுக்கடைகளால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்ட தோட்டத் தமிழர்க்கு, அம்மரத்தின் புளிக்காத சாற்றில் குழந்தைகளுக்கான சத்தைத் தேடிய அம்மாதின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விரு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோக்குங்கள். ஒருவருக்குக் கல்லூரிக்குள்ளேயே தந்தை இருந்தார். மற்றவருக்கு, உலகப் புகழ்பெற்ற ஒருவரை எதிர்த்து நிற்கும் நெஞ்சுரம் இருந்தது. பேராசிரியரான தந்தையும் இல்லை, சத்தியாக்கிரகம் செய்யும் துணிவும் இல்லை, அறிவு மட்டுமே உண்டு என்னும் மூன்றாவது பெண்ணின் கதி யாது? அவளுடைய வரலாற்றை எந்தப் புத்தகத்திலும் காண முடியாது. ஏனெனில் அவளுக்கு வரலாறே இல்லாமற் போயிற்று.

அந்த மூன்றாவது பெண்ணை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். அதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது; எனினும் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நாம் கிராணி வேலை பார்த்து வந்தோம். பழம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் எஸ்.பி.எம். தேர்வு முடிவுத் தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்தாள். கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல தேர்ச்சி. "இஞ்சினீயரிங் படிக்க எப்படி எழுதிப் போடுவதுங்க, ஐயா?" என்று கேட்டாள். நமக்கு அன்று சம்பளப் பட்டியல் முடிக்கும் அவசரம். "அதெல்லாம் நீண்ட படிப்பு அம்மா, பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போய்த் தங்க வேண்டும். கிள்ளானில் கணக்கெழுதும் வேலை ஏதாவது பார்த்துச் சொல்லுகிறேன்" என்றோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். "சரிங்க, ஐயா" என்று போய்விட்டாள். விண்ணப்பத்தின் கடைசி நாளும் போய்விட்டது. இன்று அவள் ஒரு பண்டகசாலையில் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

நிற்க. நாம் இந்த மேசைக்கு எப்படி வந்தோம்? நம்மை ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியிற் சேர்த்தவர் நம் தாய்மாமன். விண்ணப்பம் எழுதித் தந்தவரும், "இன்னாரைப் போய்ப் பார்" என்று பெயர் சொல்லி அனுப்பியவரும் அவரே. அவருடைய கை நம் முதுகின்மேல் இருந்ததை நாம் ஒருநாளும் உதவியென்று எண்ணியதில்லை. நமது திறமை என்றே எண்ணி வந்தோம். அந்தப் பெண்ணுக்கும் நமக்கும் இருந்த வேறுபாடு அறிவில் அன்று. அவளுக்கு அத்தகைய மாமன் இல்லை என்பதே.

"திறமையுள்ளவன் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான், அவனைத் தூக்கிவிட ஆள் எதற்கு?" என்று சிலர் கேட்பர். ஆண்களின் கதையையே எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் அக்காலத்தில் வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் முன்னே வந்து உத்தியோகத்தில் அமர்ந்தவர், பின்னே வந்த தம்பியையும் மருமகனையும் தம் வீட்டிலேயே தங்க வைத்து, பரீட்சைக்குப் படிக்க வைத்து, துரையிடம் அழைத்துச் சென்றார். அதற்கு எவரும் சலுகை என்று பெயரிடவில்லை. உறவு என்றே பெயரிட்டார்கள். ஆணுக்குக் கிடைத்தால் உறவு, பெண்ணுக்குக் கிடைத்தால் சலுகையா?

பயிற்சி கிட்டினால் நம் பெண்கள் எதைக் கற்கமாட்டார்கள் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. லலிதா அம்மையார் பட்டம் பெற்ற அதே 1943-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்துச் சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி, ஜான்சி ராணிப் படையை அமைத்தார். கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற வசதியான வீட்டுப் பெண்ணும், ரப்பர்த் தோட்டத்து லயத்துப் பெண்ணும் அதில் ஒரே வரிசையில் நின்றனர். பால் மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடிக்கக் கற்றன. அப்போர் பற்றி யார் எக்கருத்துக் கொண்டாலும் சரி. தோட்டத்துப் பெண்ணுக்குக் கல்லாமை பிறவிக் குணம் அன்று, கற்பிப்பார் இல்லாமையே காரணம் என்பது அன்றே விளங்கிவிட்டது.

இன்னொரு தடை உண்டு. அது சுயமரியாதை உடையவர்கள் எழுப்புவது. ஆதலின் மதிக்கத் தக்கது. "பிறர் கைபிடித்து ஏறுவது இழிவன்றோ? தனியாக ஏற்பாடு செய்வது, பெண்ணால் தானாக முடியாது என்று ஒப்புக்கொள்வதாகாதோ?" என்பர். இதற்கு விடை, கைகொடுக்கும் முறையைப் பொறுத்திருக்கிறது. "நான் தந்தேன், நீ பணிந்திரு" என்பவன் எசமானன். "எனக்குத் தெரிந்த வழி இது, இனி நீ நட" என்பவனே வழிகாட்டி. எசமானன் தன்னையே பெரியவனாக்கிக் கொள்ளுகிறான். வழிகாட்டி சில காலத்தில் தேவையற்றவனாகி விடுகிறான். அதுவே அவனுடைய வெற்றி.

2019-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் முத்தையா வனிதா அம்மையார். அப்பொறுப்பை ஏற்க முதலில் அவர் தயங்கியதாகவும், முந்திய சந்திரயான் திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் எடுத்துச் சொல்லி இணங்க வைத்ததாகவும் அறிகிறோம். பொறுப்பை ஏற்றபின் கணக்கிட்டதும், இரவு பகலாக உழைத்ததும், முடிவுகளைத் தாங்கியதும் அவரே. தரையிறங்கும் கலம் தவறியது. ஆனால் சுற்றிவரும் கலம் சந்திரனைச் சுற்றித் தன் பணியைச் செய்தது. தயக்கத்தை நீக்கிய ஒரு சொல்லால் அவருடைய பெருமை எள்ளளவும் குறையவில்லை. அவர் படித்ததும் அதே கிண்டிக் கல்லூரி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எங்கே ஒரு பெண்ணின் பட்டப் பத்திரத்தில் ஆண்பாற் சொல்லை அடித்துத் திருத்தினார்களோ, அங்கே பயின்ற பெண் சந்திரனுக்குக் கலம் அனுப்பினார். செங்கோட்டையிற் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார், 2023-இல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநரானார்.

கடன் என்று நாம் சொல்லுவதன் முழுப்பொருளை அறிய வேண்டுமாயின் அடையாற்றுக்குச் செல்ல வேண்டும். புதுக்கோட்டை அரசரின் அனுமதியால் ஆண்கள் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தாம் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனையே தம் வாழ்வாக்கினார். வாங்கிய கடனை வாங்கிய இடத்திலேயே திருப்பித் தர முடியாது. நமக்கு வழிகாட்டியவருக்கு நம் வழிகாட்டல் தேவையில்லை. ஆதலின் அதனை அடுத்து வருபவரிடமே செலுத்த வேண்டும். இது மற்றக் கடன்களுக்கு இல்லாத தனி இயல்பு.

ஆயினும் தனி மனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. நல்ல தந்தையும் நல்ல மாமனும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உறவால் கிட்டுவதை ஊரால் கிட்டச் செய்வதே சீர்திருத்தம். இக்கருத்தோடுதான் 1997-இல் அமெரிக்காவில் கேரல் மல்லர் என்பார், இஞ்சினீயரிங் பயிலும் பெண்களைத் தொழிலில் முதிர்ந்தவர்களோடு மின்னஞ்சல் வாயிலாக இணைக்கும் மென்டார்நெட் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். இந்திய சர்க்கார் 2019-இல் தொடங்கிய விஞ்ஞான் ஜோதித் திட்டம், ஒன்பதாம் வகுப்பு முதலே பெண்பிள்ளைகளை விஞ்ஞானத் துறைக்கு வழிநடத்த முற்படுகிறது. நமது நாட்டிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் விழாக்கள் நடத்தும் தொண்டர்கள் இருக்கின்றனர். உயிரியல் தொழில்நுட்பத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் பணியில், அதற்கென ஒரு செய்தித்தாளையே நிறுவி, உலகம் அறிந்தவராக விளங்கும் மகாலெட்சுமி அருஜுனன் போன்ற பெண்மணிகளும் இருக்கின்றனர். இவர்களை விழா மேடையிலே பார்த்துக் கைதட்டுவதோடு நில்லாமல், நம் பெண்பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்து பேசும் நாள் வரவேண்டும்.

பெரியோரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டுமென்றபோது, பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியராகவும் இருந்தார். குறைந்த கல்விதான், ஆயினும் ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவே நின்ற ஒரே பாலம் அவரே. அப்பாலத்தின்மேல் எத்தனை பேரை நடத்தினோம், எத்தனை பேரைத் தடுத்தோம் என்று நமது இனத்துக் கிராணிமார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் பெயர்ந்துவிட்டனர். கேள்வி மட்டும் பெயரவில்லை. விண்ணப்பத் தாள் கணினித் திரையில் வருகிறது; அதனை விளங்கிக்கொள்ளாமல் திகைக்கும் பெண்ணோ இன்றும் அண்டை வீட்டில் இருக்கிறாள்.

ஆகவே நமது முடிவு இது. வழிகாட்டல் அருள் அன்று, கடனே. பெற்றோம் என்று உணராமலே பெற்றுவிட்டதால் அக்கடன் இல்லாமற் போய்விடாது. நகரத்தில் உத்தியோகம் வகிக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பெண்பிள்ளைக்காயினும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, எந்தப் படிப்புக்கு எங்கே, எந்நாளுக்குள் எழுத வேண்டும், உதவிப்பணம் எங்கே கிட்டும் என்று சொல்லித் தருவார்களாக. இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மேசையின் எதிரே ஒரு நாற்காலியும், அதில் உட்காரச் சொல்லும் மனமும் போதும்.

அந்தச் சனிக்கிழமை நம் மேசைக்கு எதிரே நாற்காலி இருந்தது. அப்பெண்ணை நாம் உட்காரச் சொல்லவில்லை. இப்பொழுது சொல்லுகிறோம், அவளுடைய தங்கை இவ்வாண்டு தேர்வு எழுதுகிறாள்.