விழுந்தவனுக்கான அவகாசம்

கைபேசியில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் ஆட்டம் ஒன்றைச் சில மாதங்களாக ஆடி வருகிறேன். அம்பத்தூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயில்தான் இடம். சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம்மில் சீட்டாடுவதை ஒப்புக்கொள்கிறவர்கள்கூட இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆட்டத்தின் விதி எளிது. லாரியை எவ்வளவு நெருங்கி உரசினாற்போல் முந்துகிறோமோ அவ்வளவு புள்ளி. எதிர்த்திசையில் ஓட்டினால் இன்னும் கூடுதல். மோதினால் திரை ஒரு கணம் மங்கும். மறுபடி ஆடுவதற்கான பொத்தான் தோன்றும்.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்ற வாதத்தில் எனக்குச் சிரத்தையில்லை. கவிஞர்கள்மேல் பிளேட்டோ சாட்டிய குற்றத்தின் மலிவுப் பதிப்பு அது. 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் ஹுய்சிங்கா சொல்வதுதான் எனக்கு உடன்பாடாக இருந்தது: விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகி, தனக்கென்று ஒரு எல்லையையும் காலத்தையும் வகுத்துக்கொள்கிறது. எல்லைக்குள் நடப்பது எல்லைக்குள். இருந்தது என்று சொல்லக் காரணம் உண்டு.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையில், திருமுல்லைவாயிலைத் தாண்டி ஆவடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன ஒரு பையன் சாலையோர மணலில் சறுக்கி விழுந்தான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நான் வண்டியை நிறுத்தினேன். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவன் எழுந்து வண்டியை நோக்கி ஓடுவான் என்று காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் என்னைத் தாண்டி ஓடினார். அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன். பையனை ஆட்டோவில் ஏற்றினார்கள். பிழைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். விசாரிக்கவில்லை.

அந்த ஓட்டம் எங்கிருந்து எனக்குள் வந்தது என்பது பிறகுதான் புலப்பட்டது. 1991இல் வெளியாகி, 1996இல் விண்டோஸ் கணினிகளுக்கும் வந்த 'ரோட் ராஷ்' ஆட்டத்தைப் பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் ஆடியிருக்கிறேன். பக்கத்தில் வருகிறவனை உதைக்கலாம், சங்கிலியால் அடிக்கலாம். விழுந்தவன் ஒவ்வொரு முறையும் எழுந்து, சாலையின் குறுக்கே ஓடி, தன் வண்டியை எடுத்துக்கொள்வான். எனக்கு அந்த ஆட்டம் குரூரத்தைக் கற்பிக்கவில்லை. ஒரு எதிர்பார்ப்பைக் கற்பித்தது.

விழுந்தவன் எழுவது எல்லா விளையாட்டுக்கும் பொது என்று வாதிடலாம். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசி நாளில் படுகளம் நடக்கும். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான். அவன் வேஷம் கட்டியவர் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறவர்தான். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒப்பாரி உண்டு. அத்தனை அக்கிரமம் செய்தவனுக்கும் அழுவதற்கு ஒரு நேரத்தை அந்தக் கூத்து ஒதுக்கி வைத்திருக்கிறது.

நிஜப் பந்தயமும் அப்படித்தான். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள், 1990இல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்த பிறகு அங்கே போயின. தடத்தில் ஒருவன் விழுந்தால் மஞ்சள் கொடி அசையும். அந்தப் பகுதியில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிற்கும். முந்துவதற்காகவே ஏற்பட்ட இடத்தில், விழுந்தவனை முன்னிட்டு முந்தாமல் இருக்கவும் ஒரு விதி இருக்கிறது.

சதுரங்கத்தில் சிப்பாய் வெட்டுப்பட்டால் யார் அழுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சிப்பாய்க்கு முகம் இல்லை. அது ஒரு மரத்துண்டு. மரத்துண்டாகவே இருக்கச் சம்மதித்திருக்கிறது. இந்த ஆட்டங்களோ சாலையின் சாயலையும், லாரியின் பின்புறத்தையும், குனிந்து ஓட்டுகிறவனின் முதுகையும் நம்மிடமிருந்து கடன் வாங்குகின்றன. சாயலைக் கடன் வாங்குகிற விளையாட்டு ஹுய்சிங்காவின் எல்லைக்குள் முழுசாக அடங்குவதில்லை. திரும்பும்போது அதன் சாயலைச் சாலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.

அதற்காக, மோதியவுடன் சோக இசை ஒலிக்கும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் பெரிய பொய்யாகிவிடும். பொத்தானை அழுத்தித்தான் துக்கத்தையும் தாண்ட வேண்டியிருக்கும். படுகளத்தில் அழுகிறவர்கள் கூடியிருந்தவர்கள். கொடி அசைக்கிறவன் தடத்தின் ஓரத்தில் நிற்கிற மனிதன். அவகாசத்தை ஆட்டம் தானாகத் தருவதில்லை. ஆட்டத்தைச் சுற்றி நிற்கிறவர்கள் தருகிறார்கள். மின்ரயிலில் நான் ஆடும்போது சுற்றி யாரும் இல்லை. அல்லது எல்லோரும் அவரவர் திரையில் இருக்கிறார்கள்.

அன்று இரவு ஆடினேனா என்று கேட்டால், ஆடினேன். மோதினேன். திரை மங்கியது. பொத்தானை உடனே அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஒரு மனிதனுக்குத் தந்த அவகாசம் அல்ல என்பது எனக்குத் தெரியும். தர வேண்டியதைச் சாலையில் தராமல், படத்துக்குத் தந்துகொண்டிருந்தேன்.