மர்க்கட நியாயமும் மலைத்தோட்டத்துச் சிசுவும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டையூசி வளைவுகளாய்ச் சேர்வராயன் மலைமீது ஏறும் பாதையில், வயிற்றில் குட்டி தொங்கச் சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குகளைக் காண்போருக்கு, வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக நடத்திவரும் விவாதம் நினைவுக்கு வரும்: ஜீவன் குரங்குக் குட்டிபோலத் தானே முயன்று பகவானைப் பற்றவேண்டுமா, பூனைக் குட்டிபோல வாளாவிருக்க அவனே வந்து கவ்விச் செல்வானா?

ஆசாரியர்கள் உத்தேசித்தது மோக்ஷ மார்க்கத்தையே, சிசு பராமரிப்பை அன்று. ஆயினும் குட்டியின் பிடி தளரும் கணத்தில் தாயின் கை அதன் முதுகை அணைப்பதைக் கவனித்தால், மர்க்கட நியாயத்துக்குள்ளேயே மார்ஜார நியாயமும் பாதி அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதச் சிசுவுக்கோ பற்றிக்கொள்ளும் வலிமையும் இல்லை, வாளாவிருக்கும் பொறுமையும் இல்லை. அதற்கு வாய்த்திருப்பது அழுகை ஒன்றே. சீகாழிக் குளக்கரையில் தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுச் சம்பந்தருக்கு அம்மை ஞானப்பால் ஊட்டியதாகச் சேக்கிழார் பாடும் வரலாற்றில், அருள் என்பதே அழுகைக்கு வந்த மறுமொழிதான்.

1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காகத் தாயின் பராமரிப்பைப் பற்றி அறிக்கை எழுதிய ஜான் பௌல்பியும், லண்டனில் அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையாரும் வேறு வழியாக இவ்விடத்துக்கே வந்தனர். அழுதபோதெல்லாம் மறுமொழி பெற்றுப் பழகிய சிசுவே தாயைவிட்டுத் துணிந்து அப்பால் தவழ்ந்து உலகைத் துழாவுகிறது என்று அவர்கள் கண்டது, பற்றறுத்தாலன்றி விடுதலையில்லை என்னும் துறவு நூல்களுக்குச் சற்றே சங்கடமான செய்தி. (அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை எனலாம், பெரியவர்களும் ஒருகாலத்தில் தவழ்ந்தவர்களே.)

அப்படியானால், சேர்வராயன் மலைச் சரிவுகளில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் தாயின் குழந்தை என்னாவது? அதே 1951இல் பிறந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களேனும் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 1961இன் பேறுகாலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. இடைப்பட்ட நேரமெல்லாம் குழந்தை ஆயாவின் மடியில்தான். ஐன்ஸ்வொர்த் உகாண்டாவில் 26 குடும்பங்களை ஆராய்ந்தபோது அங்கும் தாய்மார் கொல்லையில் பாடுபடுகிறவர்களாகவே இருந்தனர். தன் குழந்தை எதற்குச் சிரிக்கும், எதற்கு அழும் என்று நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த தாயின் பிள்ளைகளே பெரும்பாலும் கலக்கமின்றி இருந்தன. அத்தகைய அறிவு ஆயாவுக்கும் கைகூடும். பெருமாளை விட்டு நம்மாழ்வாரையே தெய்வமென்று பற்றிய மதுரகவியை ஆழ்வார் வரிசையில் வைத்து வணங்கும் சம்பிரதாயம், ஆயாவைப் பற்றி வளரும் குழந்தையின் பற்றைக் குறைபட்டதென்று சொல்ல வழியில்லை.