சுவரில் தொங்கும் பெயர்

ஓசூரில் ஒரு மருந்துக்கடைக்குப் போனால் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். பதிவுபெற்ற மருந்தாளுநரின் பெயர் அதில் இருக்கும். மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகளை அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்கின்றன. ஆனால் சான்றிதழை மாத வாடகைக்கு விடும் வழக்கம் நாடு முழுக்க உண்டு. தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சில நேரம் அது ஒரு பெண்ணின் சான்றிதழ். அவள் டி.பார்ம் படித்தாள், பதிவு செய்தாள், கல்யாணமானாள். கடையை நடத்துவது கணவனோ மைத்துனனோ. அவள் பெயர் கடையில் இருக்கிறது, அவள் வீட்டில் இருக்கிறாள்.

மருந்தாளுநர் சங்கங்களில் குழுக்களுக்குப் பெண்களை நியமிப்பது பற்றிப் பேச்சு எழும்போது இந்தச் சான்றிதழை நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதும் அவளுக்கு அதிகாரத்தில் பங்கு தருவதும் ஒன்றுதானா? இல்லையென்றால், பெயரை மட்டும் கேட்டு வரும் நியமனத்தை அவள் ஏற்கலாமா?

நம் நாட்டில் மருந்தாளுநர்களின் பழைய தேசிய அமைப்பு இந்தியன் பார்மசூட்டிக்கல் அசோசியேஷன். 1939இல் காசியில், பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ரோஃபின் முன்முயற்சியில் தொடங்கியது. இன்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு, மாநிலக் கிளைகளோடும் கல்வி, தொழிற்சாலை, மருத்துவமனை, சமூக மருந்தகம் என்ற பிரிவுகளோடும் இயங்குகிறது. இப்படிப்பட்ட எந்தச் சங்கத்திலும் பொறுப்புக்கு வர இரண்டு வழிகள்தான்: ஒன்று வாக்கு, மற்றது நியமனம். மாநாட்டில் எதைப் பேசுவது, அரசுக்கு எதைப் பற்றி மனுக் கொடுப்பது, யாருக்குப் பயிற்சி தருவது என்பதையெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் நியமிக்கப்பட்ட குழுக்களே. எனவே யாரை நியமிப்பது என்ற கேள்வி, எதைத் தொழிலின் பிரச்சினையாகக் கருதுவது என்ற கேள்வியும்தான்.

உள்ளே வருவது வேறு, உட்காருவது வேறு என்பதற்குப் பிரிட்டனின் வரலாறு சாட்சி. அங்கே பார்மசூட்டிக்கல் சொசைட்டி 1841இல் உருவானது. தேர்வில் தேறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டு, இசபெல்லா கிளார்க், ரோஸ் மின்ஷல் என்ற இரு பெண்கள் 1879இல் உறுப்பினரானார்கள். அதன் நிர்வாகக் குழுவுக்கு மார்கரெட் புக்கனன் என்ற முதல் பெண் வந்தது 1918இல். ஜீன் இர்வின் முதல் பெண் தலைவரானது 1947இல். வாசலிலிருந்து மேசைக்குப் போக 39 ஆண்டு, மேசையின் தலைமாட்டுக்குப் போக இன்னும் 29 ஆண்டு. இடைப்பட்ட காலத்தில், 1905இல், பெண் மருந்தாளுநர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டிக்கொண்டார்கள். 1912இல் தொடங்கிய சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்புக்கு ஸ்பெயினின் கார்மென் பேன்யா முதல் பெண் தலைவராக வந்தது 2014இல்தான்.

“தகுதி இருந்தால் பெண்கள் தானாக வருவார்கள், இடத்தை ஒதுக்கினால் தரம் குறையும்” என்பது நமக்குப் பழகிப்போன பதில். மருந்தாளுநர்கள் இதைச் சொல்லும்போது, தங்கள் தொழிலுக்கே அடித்தளமான 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மத்திய கவுன்சிலுக்கு அரசு நியமிக்கும் ஆறு பேரில் குறைந்தது நான்கு பேர் மருந்தியல் படித்து அத்தொழில் செய்பவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. மாநிலக் கவுன்சிலுக்கு நியமிக்கப்படும் ஐந்து பேரில் குறைந்தது மூன்று பேர் மருந்தியல் பட்டமோ பட்டயமோ பெற்றவர்களாக அல்லது பதிவுபெற்ற மருந்தாளுநர்களாக இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கான இடங்களிலும் நான்கு பாடங்களுக்குக் குறைந்தது ஒருவர் வீதம் கட்டாயம்.

“குறைந்தது” என்ற இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? அரசின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் மருத்துவர்களும் அதிகாரிகளுமே இடங்களை நிரப்பிவிடுவார்கள், மருந்தாளுநர்களின் கவுன்சிலில் மருந்தாளுநரே சிறுபான்மை ஆகிவிடுவார் என்ற நியாயமான அச்சம். இந்த ஒதுக்கீட்டால் தரம் குறைந்தது என்று எந்த மருந்தாளுநரும் சொன்னதில்லை. தன்னைவிட வலிய ஒருவரிடமிருந்து தன் இடத்தைக் காத்துக்கொள்ள விதி தேவை என்பதை இந்தத் தொழில் எப்போதோ ஒப்புக்கொண்டது. பெண்கள் கேட்கும்போது மட்டும் அதே விதி எப்படிச் சலுகை ஆகும்?

தகுதி என்று எதை அளக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். “நீண்டகாலத் தொடர்ச்சியான ஈடுபாடு” என்பார்கள். மருந்தாளுநர் தான் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். ஓசூர்ப் பெண் ஒருத்தி ஆனேக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே வேலைக்கும் போனால், அவள் பதிவு கர்நாடகக் கவுன்சிலுக்கு மாற வேண்டும். மாநிலக் கவுன்சில் தேர்தலில் அவள் வாக்கும் அதோடு போகிறது. சங்கக் கிளையில் அவளை அறிந்தவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறார்கள். பிறகு பிரசவம், பிள்ளை, மாமியாரின் மருத்துவம். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். அறுபடாத தொடர்ச்சி என்பது வீட்டில் வேறொருத்தி சமைத்துப் போட்டதால் கிடைத்த தொடர்ச்சி. அதைத் தகுதிக் கணக்கில் சேர்ப்பவர்கள் சமைத்தவளின் கணக்கை எங்கே எழுதுகிறார்கள்?

சரி, இடம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தலைவர் கூப்பிட்டு, “உங்களைப் போட்டிருக்கேன்மா” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் சிக்கல் முழுவதும் இருக்கிறது. போட்டவர் எடுக்கவும் முடியும். தயவால் வந்தவள் முதல் கூட்டத்திலேயே நன்றிக்கடனோடு உட்காருகிறாள். கூட்டத்தில் ஒரே பெண்ணாக இருந்தால், அவள் மறுத்துப் பேசுவது நன்றி மறப்பாகப் பார்க்கப்படும். வரவேற்புக் குழு, கலைநிகழ்ச்சிக் குழு, குத்துவிளக்கு என்று அவளுக்கான வேலைகள் தயாராக இருக்கும். தீர்மானத்தின் கீழே அவள் பெயர் அச்சாகும். வாடகைச் சான்றிதழில் நடப்பதும் இதுதான்: பெயர் அவளுடையது, கொடுக்கல் வாங்கல் வேறொருவருடையது.

இதற்காக நியமனமே கூடாது, தேர்தல் போதும் என்று சொல்லிவிட முடியாது. ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்க வண்டியும் பணமும் இரவு வீடு திரும்பும் சுதந்திரமும் வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஒருவரின் விருப்பத்தால் வரும் நியமனத்தையும் விதியால் வரும் நியமனத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் இந்த வேறுபாடு தெரிகிறது. உள்ளகக் குழுவை நியமிப்பவர் முதலாளியே. ஆனால் தலைமை வகிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று சட்டம் அவர் கையைக் கட்டுகிறது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடமும், சுழற்சி முறையில் ஒரு நிர்வாகிப் பதவியும் பெண்களுக்கு என்று 2024 மே 2இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இடத்துக்கு வருகிறவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அப்படி வந்தால் என்ன மாறும்? “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீடுவீடாகக் கொண்டுபோகிறவர்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள். மருந்து பெண்களின் கால்களில் நடந்து ஊருக்குள் போகிறது. அதைப் பற்றிய பேச்சு எந்த அறையில், யாருக்கிடையே நடக்கிறது?

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். என்ன மருந்து என்று தெரியாமல் ஒரு பெண் விழுங்குவது தொழிலாளர் பிரச்சினை மட்டும் அல்ல, மருந்தாளுநரின் தொழில் அறம் சம்பந்தப்பட்டதும்கூட. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஷிஃப்ட் வேலை செய்து விடுதிகளில் தங்கும் ஓசூர் வட்டாரத்தில் இதைக் கேட்கக்கூடிய குழு எது? மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் கர்ப்பச் சோதனை அட்டையையும் தாழ்ந்த குரலில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள் மேசையில் இருந்தால், இது நிகழ்ச்சி நிரலில் ஏறும். கவுண்டரின் அனுபவம் குழுவுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. இந்தியன் பார்மசூட்டிக்கல் அசோசியேஷனின் சமூக மருந்தகப் பிரிவில் பல ஆண்டுகள் பொறுப்பு வகித்த மஞ்சிரி கரத், மும்பையில் மருந்துக்கடைகளைக் காசநோய் ஒழிப்புப் பணியில் இணைத்த முயற்சியின் முன்னணியில் இருந்தார்.

இங்கே பெண்ணியர்களாகிய நாம் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். குழுவுக்கு வரும் பெண் யார்? கல்லூரிப் பேராசிரியையா, மருந்து நிறுவன அதிகாரியா? பட்டமும் பதிவும் இல்லாமல், மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுத்தபடி நாள் முழுக்க நிற்கிறாளே, அவளுக்கு எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அட்டை இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் வந்தது. கேரளத்தில் அதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோட்டில் விஜியின் “பெண்கூட்டு” அமைப்பில் சேர்ந்த விற்பனைப் பெண்கள். எந்தத் தொழில்முறைச் சங்கத்தின் குழுவும் அவர்களை நியமிக்கவில்லை. நாற்காலி இல்லாதவளின் கால்வலியை மறந்துவிட்டு மேலே உட்காருகிறவள், ஆண்கள் விட்டுவைத்த இடத்தை நிரப்பியவள் மட்டுமே.

ஆகவே நியமனத்தை மறுக்க வேண்டாம். ஏற்பதற்கு முன் கேட்போம்: இந்த இடம் எந்த விதியின்படி வருகிறது? எத்தனை ஆண்டுகளுக்கு? என்னோடு வேறு பெண்கள் எத்தனை பேர்? கூட்டம் எத்தனை மணிக்கு? நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்க எனக்கு உரிமை உண்டா? என் மறுப்பு குறிப்பேட்டில் பதிவாகுமா? பதில் எழுத்தில் வரட்டும். அது வராத இடத்தில் அவர்கள் கேட்பது நம் பெயரை மட்டும்தான். அதை வாடகைக்கு விடுவதில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.